இராத்திரியில் நிற்கும் மூச்சு

(நமது மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



 சபை சபையாக நீங்கள் சேர்த்து அனுப்பும் காணிக்கையும், ஏறெடுக்கும் ஜெபமும் எந்தக் கட்டிலருகே போய்ச் சேருகிறது என்று அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இம்முறை பல காரியங்களைத் தொட்டுச் செல்லாமல், ஒரே ஒரு வியாதியைக் குறித்துப் பேசலாம் என்று தீர்மானித்தோம். அது இருதயத் தசை வியாதி. மருத்துவர்கள் கார்டியோமையோபதி என்கிறார்கள். அந்த வியாதியுள்ளவர்களுக்கு உறக்கத்தில் உண்டாகும் மூச்சுக் கோளாறு, பகலில் அவர்கள் நடக்கும் பெலனை எப்படிக் குறைக்கிறது என்பதே நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. வியாதியஸ்தரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்கள். இங்கே சொல்லும் மருத்துவ விவரங்களை நமது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சாட்சியாகச் சொல்லும் குடும்பங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சிறு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

மூச்சு வாங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைகள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்றுமுதல் இது பாரம் ஏற்றி இறக்குகிற ஜனங்களின் ஊர். காசிமேட்டில் வலை இழுக்கிறவர், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கிறவர் எல்லாருக்கும் உடம்பின் பெலனே மூலதனம். அந்தப் பெலன் குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் ஜனங்கள் மூன்று காரணம் சொல்லுவார்கள். முதலாவது புகை. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகையால் மூச்சுத் திணறல் என்றதும் காற்றை நினைப்பது நியாயமே. இரண்டாவது குடி. "குடிச்சுக் குடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டான்" என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது சோம்பல். "நல்லா இருக்கிற ஆளு, பத்து அடி நடக்க மாட்டேங்கிறான்" என்பார்கள்.

இந்த மூன்று பேச்சுக்கும் பின்னால் இருதயத் தசை வியாதி பல மாதங்கள், சில வேளை வருஷக்கணக்கில், ஒளிந்துகொள்ளுகிறது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்று விசாரித்தார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இருதயத் தசையில் என்ன நேரிடுகிறது?

நமது இருதயம் கைமுஷ்டி அளவுள்ள தசை. ஒவ்வொரு துடிப்பிலும், இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வெளியே தள்ளவேண்டும். எக்கோ பரிசோதனையில் டாக்டர்கள் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். அது 100-க்கு 55 அல்லது அதற்கு மேல் இருந்தால் நலம். 40 அல்லது அதற்குக் கீழே வந்தால் இருதயம் வெகுவாய்ப் பலவீனப்பட்டிருக்கிறது என்று பொருள்.

தசை வியாதியில் முக்கியமாக மூன்று வகை உண்டு. ஒன்றில் இருதயம் பழைய ரப்பர் பையைப்போல விரிந்து, சுருங்கும் பெலனை இழக்கிறது. இன்னொன்றில் சுவர் தடித்துப்போய், உள்ளே இரத்தம் நிரம்ப இடமில்லாமல் போகிறது. மூன்றாவது வகை அரிது. அதில் சுவர் விறைத்துவிடுகிறது. எந்த வகையானாலும் வேலை செய்யும் நேரத்தில் உடம்புக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேராது.

குடி இதற்கு ஒரு காரணம் என்பது மெய்தான். ஆனால் வேறு காரணங்களும் பல உண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரலாம்; தைராய்டு கோளாறினால் வரலாம்; சில புற்றுநோய் மருந்துகளால் வரலாம். பிள்ளை பெறுவதற்குச் சற்று முன்னும், பெற்ற சில மாதங்களுக்குள்ளும் தாய்மாருக்கு வருவதுண்டு. மீனவக் குடும்பத்து இளம் தாய் ஒருவர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாமல் நம்மிடம் வந்தார். ஒரு துளி மதுவைத் தொடாத பிள்ளை அவள்.

பரம்பரையாகவும் வரும். இந்தக் காரியத்தில் நமது தமிழ்நாட்டு ஆராய்ச்சி உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையை எடுத்துக் காட்டியது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் முதலான ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் பத்திரிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் நிலை, நமது தென்னாசிய ஜனங்களில் 100-க்கு ஏறக்குறைய 4 பேரிடம் காணப்படுகிறது என்று கண்டார்கள். அதை உடையவர்கள் எல்லாரும் வியாதிப்படுவதில்லை என்று பின்வந்த ஆய்வுகளும் தெளிவாக்கின. ஆனாலும் ஒருவருடைய இருதயம் தளர்ந்திருப்பதைக் கண்டு, அவருடைய நடத்தையைக் குறித்து நாம் தீர்ப்புச் சொல்ல இடமில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உறங்கும்போது நடப்பது

திருவொற்றியூரைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர் நமது வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். விரிந்த இருதயம். மருந்து கொடுத்து, காலில் தேங்கிய நீரும் இறங்கிவிட்டது. ஆனால் பகலெல்லாம் சோர்ந்தே கிடந்தார். வராந்தாவில் பாதி தூரம் நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்ளுவார். நாங்கள் ஜெபித்துவிட்டு எழுந்தபோது அவர் மனைவி எங்கள் பின்னாலேயே வந்து, கதவோரம் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயா, ராத்திரியில இவருக்கு மூச்சே நின்னுடுதுங்க. பெரிசா குறட்டை விடுவாரு, அப்புறம் சத்தமே இருக்காது. நான் விரல்விட்டு எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபது வரைக்கும்கூடப் போகும். உலுக்கினாத்தான் திடுக்குன்னு இழுப்பாரு. டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னைத் திட்டுறாரு."

ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டோம். லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம்தான். துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, இராத்திரியென்றும் பகலென்றும் பாராமல் ஓட்டுகிற அந்த வேலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்த நாட்களும் உண்டு என்று அந்த அம்மா அழுதார். அவருடைய ஒரு உயிர் மாத்திரம் அல்ல, அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களுடைய உயிரும் அந்த மறைத்த வார்த்தைக்குள் இருந்தது. நாங்கள் அந்த அம்மாவையே டாக்டரிடம் அழைத்துப்போய் சொல்லவைத்தோம்.

உறக்கத்தில் மூச்சு குறைந்தது பத்து வினாடி நின்றால் அதை டாக்டர்கள் ஒரு தடவையாக எண்ணுகிறார்கள். மூச்சு வெகுவாய்க் குறைவதையும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15-க்கு மேல் போனால் நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. இருதயத்தின் தள்ளும் பெலன் குறைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் கோளாறு ஏதோ ஒரு அளவில் இருக்கிறது.

இது இரண்டு விதமாக வருகிறது. முதலாவது தொண்டை அடைப்பு. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்ளுகிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வருவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடம்பு பயந்து அட்ரினலினைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அடைபட்ட மூச்சை இழுக்க நெஞ்சு பாடுபடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் இருதயச் சுவரின்மேலும் விழுகிறது. ஓய்வெடுக்க வேண்டிய தளர்ந்த இருதயம் இராமுழுவதும் பாரம் சுமக்கிறது.

இரண்டாவது வகையில் தொண்டை திறந்தேயிருக்கும். மூளை "மூச்சு இழு" என்று கட்டளை கொடுப்பதில்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கப்பலின் உள்ளே நிற்கிறவர் கையசைக்கிறார். கிரேன் ஓட்டுகிறவர் அதைப் பார்த்துப் பாரத்தை இறக்குகிறார். அந்தச் சைகை அரை நிமிஷம் தாமதித்துப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டிப் பாரம் இறங்கிவிடும். தூக்கச் சொன்னாலும் தாமதம். அளவுக்கு மேல் தூக்கிவிடுவார். பலவீனமான இருதயத்தில் இரத்தம் மெதுவாய் ஓடுவதால், நுரையீரலின் நிலவரம் மூளைக்குத் தாமதித்துப் போய்ச் சேருகிறது. ஆகவே மூச்சு மேன்மேலும் ஆழமாகி, பின்பு படிப்படியாய்த் தேய்ந்து, நின்றேபோய், மறுபடியும் தொடங்குகிறது.

இந்த மூச்சை 1818-ல் ஜான் செயின் என்பவரும், 1854-ல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்பவரும் எழுதிவைத்தார்கள். இருவரும் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பணியாற்றிய மருத்துவர்கள். செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று இன்றும் அதற்குப் பெயர். அவர்களிடத்தில் எக்கோவும் இல்லை, ஈ.சி.ஜி.யும் இல்லை. கட்டிலருகே இருந்து கவனித்தார்கள். திருவொற்றியூர் அம்மா விரல்விட்டு எண்ணினதும் அதே கவனிப்புத்தான்.

இராத்திரியில் நேரிட்டது பகலில் தெரியும்

மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை விழிக்கிறது. மனிதனுக்கு அது தெரிவதில்லை. எட்டு மணி நேரம் படுத்தாலும் ஆழ்ந்த உறக்கம் இல்லை. காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பல தடவை சிறுநீருக்கு எழுதல், பகலில் மயக்கம் ஆகியவை அடையாளங்கள். இருதயப் பலவீனம் உள்ளவர்களில் அநேகர் "தூக்கம் வருகிறது" என்றே சொல்லுவதில்லை. "பெலன் இல்லை" என்றுதான் சொல்லுவார்கள். ஆகையால் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இந்த வியாதியஸ்தரின் பெலனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி, கடந்த தூரத்தை அளப்பார்கள். 300 மீட்டருக்குக் கீழே இருந்தால் அது கவலைக்குரியது. கனடா நாட்டில், இருதயப் பலவீனமும் மூளைக் கட்டளை தவறும் மூச்சுக் கோளாறும் சேர்ந்திருந்த 258 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்தப்பட்டவர்கள் மூன்று மாதத்தில், ஆறு நிமிஷ நடையில் சராசரி 20 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். கருவியில்லாதவர்களுக்கு முன்னேற்றம் இல்லை. அந்தக் கருவியால் மரணங்கள் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 20 மீட்டர் பெரிய தூரமா என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து பொதுக் கழிப்பிடம் 20 மீட்டரில் இருக்கிற வியாதியஸ்தரிடம் கேட்டுப்பாருங்கள்.

முற்காலத்தில் இருதயம் பலவீனம் என்றால் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். இன்று அப்படியல்ல. படுத்தே இருந்தால் கால் தசைகளும் தேய்ந்து, இருதயத்துக்குப் பாரம் கூடுகிறது. 2009-ல் 2,331 பேரிடம் செய்த பெரிய ஆய்வு, இருதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு ஒழுங்கான உடற்பயிற்சி ஆபத்தில்லாதது என்று காட்டியது. தடித்த இருதயம் உள்ள 136 பேரிடம் மிதமான பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2017-ல் வந்தது. அவர்களுடைய பெலனும் சிறிதளவு கூடியது. நடைப்பயிற்சி தொண்டை அடைப்பையும் ஓரளவு குறைக்கிறது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே இரவு சீரானால் பகலில் நடக்கலாம். பகலில் நடந்தால் இரவும் சீராகும்.

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். தேவன் அவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், ஆகாரம் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் தூரமான பிரயாணத்துக்கு அனுப்பினார்.

எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய காரியங்கள்

முதலாவது, டாக்டரைக் கேளாமல் பயிற்சி தொடங்கக்கூடாது. தடித்த இருதயம் உள்ளவர்கள் பாரம் தூக்குவதும், மூச்சு முட்ட ஓடுவதும் ஆபத்தாக முடியலாம். நடக்கும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

இரண்டாவது, கருவியைக் குறித்தது. தொண்டை அடைப்புக்கு மூக்கில் முகமூடி வைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்தும் கருவியை 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் அறிமுகம் செய்தார்கள். சிபாப் என்று அதற்குப் பெயர். அதினால் அநேகருக்கு நன்மை உண்டாகிறது. ஆனால் எல்லாக் கருவியும் எல்லாருக்கும் ஆகாது. மூச்சின் போக்குக்கேற்பத் தானாகவே அழுத்தத்தை மாற்றும் வேறொரு கருவியை, இருதயம் மிகவும் பலவீனப்பட்டு, மூளைக் கட்டளை தவறும் வகையைச் சேர்ந்த 1,325 பேரிடம் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தபோது, அதைப் பொருத்தினவர்களில் இருதய மரணங்கள் அதிகமாயிருந்தன. பிற்பாடு அதேபோன்ற மற்றொரு கருவியில் அந்தத் தீங்கு காணப்படவில்லை என்றாலும், பக்கத்து வீட்டாருடைய கருவியை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்கு இந்தப் பாடம் போதும். எந்த வகைக் கோளாறு என்று உறக்கப் பரிசோதனை செய்து பார்த்தபின்பே கருவி.

மூன்றாவது, செலவில்லாத காரியங்கள். இருதய மருந்தை நிறுத்தாமல் சாப்பிடவேண்டும். இருதயம் தேறினால் இரண்டாவது வகை மூச்சுக் கோளாறு தானாகவே குறைவதுண்டு. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கலாம். மதுவும், டாக்டர் எழுதிக்கொடுக்காத தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். உப்பைக் குறைக்கவேண்டும். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறி மூச்சுப் பாதையை நெருக்குகிறது. காசிமேட்டு வீடுகளில் கருவாடு இல்லாத சோறு சோறல்ல என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் இந்த வியாதியஸ்தரின் தட்டிலிருந்து எடுத்துவிடும்படி தாய்மாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது

அந்த ஓட்டுநரின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பரிசோதனையில் தொண்டை அடைப்பு கடுமையாக இருந்தது. உங்கள் காணிக்கையிலிருந்து அவருக்குக் கருவி கொடுக்கப்பட்டது. சில வாரங்கள் முகமூடியை வெறுத்தார்; மனைவியிடத்தில் கோபமாயிருந்தார். இன்று அவர் வீட்டிலிருந்து ஆலயத்துக்கு, வழியில் இரண்டு இடத்தில் நின்று, நடந்தே வருகிறார். லாரிக்குத் திரும்பவில்லை, டாக்டர்கள் அனுமதிக்கவில்லை. சபையார் ஒருவரின் கிடங்கில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் முன்னிலும் குறைவு. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னதற்கு அந்தக் குடும்பம் விலை கொடுத்தது. அந்த விலையை அவர்கள் தனியாகச் சுமக்காதபடிக்கு உடன் நிற்பது நமது கடமை.

ஆகையால் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். கருவி பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளது. தினக்கூலி வாங்குகிறவரின் கைக்கு எட்டாதது. உறக்கப் பரிசோதனைக்கும் கருவிக்கும் உதவும் நிதியைத் தாங்குங்கள். இரண்டாவது, வேலை மாறவேண்டியவருக்கு வேலை கொடுக்கக்கூடிய நிலையில் உங்களில் அநேகர் இருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வேலை போய்விடும் என்ற பயம் நீங்கினால்தான் வியாதியஸ்தர் வாய் திறப்பார். மூன்றாவதற்குப் பணம் வேண்டாம். உங்கள் வீட்டில் குறட்டை விட்டு, மூச்சு நின்று, திடுக்கிட்டு எழும்புகிறவர் இருந்தால், அதைக் கேலி செய்யாமல் கவனியுங்கள். அவரோடுகூட நீங்களும் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். உறங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிறவரே அதற்குச் சாட்சி.

ஜெபக் குறிப்புகள்: இருதயத் தசை வியாதியோடு போராடும் இளம் தாய்மாருக்காக, இராத்திரியில் கனரக வாகனம் ஓட்டுகிறவர்களின் பாதுகாப்புக்காக, தூங்காமல் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிமார், தாய்மாரின் பெலனுக்காக, வராந்தாவில் நோயாளிகளுடன் கூடவே நடக்கும் நமது நர்சுகளுக்காக ஜெபியுங்கள்.

நம்மைக் காக்கிறவர் உறங்குகிறதில்லை என்ற நிச்சயத்தோடு உங்களை அவருடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். ஆமென்.